டிகோடரை எரித்தது தறிக்கூடத்து மின்சாரமா?

கேள்வி: சோமனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாடி அறையில் மூன்று சுவரோரமாக, சுமார் 10 மீட்டர் நீளத்துக்கு எச்.ஓ. அளவில் (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) மாதிரி ரயில்பாதை அமைத்திருக்கிறேன். டி.சி.சி. முறை, அதாவது பாதையில் எப்போதும் மின்சாரம் இருக்க, ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியே கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை. பாதைக்கு மின்சாரம் கொடுப்பது 5 ஆம்பியர் பூஸ்டர். மார்கழியில் வேலையை முடித்தேன். பங்குனியில் ஒரு டிகோடரும் (என்ஜினுக்குள் அந்தக் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டும் சிறு பலகை) சித்திரையில் இன்னொன்றும் எரிந்துவிட்டன. இரண்டுமே மதியம் இரண்டு மணி வாக்கில். வீட்டை ஒட்டி விசைத்தறிக்கூடம் இருப்பதால் பகலில் விளக்குகள் மினுக்கும். நல்ல ஸ்டெபிலைசர் வாங்கினால் போதுமா? பாதைக்குக் கதவு மணிக்கு இழுக்கும் மெல்லிய ஒயரைத்தான் போட்டிருக்கிறேன், இரண்டு இடத்தில் இணைப்பு கொடுத்திருக்கிறேன். அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய டி.சி. கன்ட்ரோலரையும் இதே பாதையில் சேர்க்கலாமா?

பதில்:

தம்பி, ஸ்டெபிலைசருக்குப் பணம் கட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு டிகோடரையும் தறிக்கூடம் எரிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கோவை கணபதியில் 30 ஆண்டுகள் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தேன். எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற எல்லோரும் வாசலிலேயே "ஹை வோல்டேஜ்" என்றுதான் சொல்வார்கள். பிரித்துப் பார்த்தால் பேரிங் இறுகியிருக்கும், அல்லது ஒரு ஃபேஸ் போனது தெரியாமல் இரண்டு ஃபேசிலேயே மணிக்கணக்கில் ஓடியிருக்கும். உண்மையிலேயே அதிக மின்னழுத்தத்தில் எரிந்தவை குறைவு. மாதிரி ரயிலுக்கு வந்த பிறகும் இதையே பார்க்கிறேன். சுவரிலிருந்து வரும் ஆபத்து உண்மைதான், அதற்கும் கீழே வருகிறேன். ஆனால் உங்கள் சந்தேகம் முதலில் பலகைக்கு அடியில் திரும்ப வேண்டும்.

நீங்கள் கொடுத்த தடயங்களில் முக்கியமானது மதியம் இரண்டு மணி. அந்த நேரத்தில் தறி ஓடுகிறது என்று பார்த்தீர்கள். அதே நேரத்தில் உங்கள் மாடி அறை கொதிக்கிறது என்பதையும் பாருங்கள். மார்கழியில் 20 டிகிரி குளிரில் தண்டவாளத்தைப் பதித்தீர்கள். சித்திரை மதியத்தில் மொட்டை மாடிக் கான்கிரீட்டுக்கு நேர் கீழே 40 டிகிரி சாதாரணம். நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு, 20 டிகிரி வெப்பம் ஏறினால், ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீளும். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் பாயிண்டுகளுக்கு, அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடங்களுக்கு, பின்னால், எதிரெதிர் மின்முனை கொண்ட இரண்டு துண்டுகளைப் பிரிக்க, நுண்ணிய ரம்பத்தால் நீங்கள் அறுத்த இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் தண்டவாளம் நீண்டு வந்தால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். வறண்ட காற்றில் பிளைவுட்டும் அதன் சட்டமும் ஈரம் இழந்து கொஞ்சம் சுருங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு வந்து குளிர்ந்ததும் இடைவெளி மறுபடி திறந்துகொள்ளும். நீங்கள் மாலையில் டார்ச் அடித்துத் தேடினால் ஒன்றும் தெரியாது.

எனக்கும் இது நடந்தது. கோடைக்காலம் முழுவதும் "மதியக் கோளாறு" என்று பெயர் வைத்து, நேரம் குறித்து, வோல்டேஜ் அளந்து, ஒரு வழியும் தெரியாமல் இருந்தேன். கடைசியில் ஒரு மதியத்தில் பத்திரிகைத் தாளைக் கிழித்து ஒவ்வோர் இடைவெளியிலும் செருகிப் பார்த்தேன். ஏழு இடத்தில் நுழைந்தது, எட்டாவதில் நுழையவில்லை. அன்றிலிருந்து எந்த இடைவெளியையும் வெறுமையாக விடுவதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உள்ளே வைத்து, பசை போட்டு, காய்ந்ததும் தண்டவாளத்தின் வடிவத்துக்குச் சீவிவிடுகிறேன். நீளும் தண்டவாளத்துக்கு இடம் வேண்டுமே என்றால், அதே மின்முனை தொடரும் சாதாரண இணைப்புகளில் சில இடத்தில் சால்டர் செய்யாமல் சிறிது இடைவெளி விடுங்கள். நீட்சி அங்கே போய்விடும்.

சரி, இடைவெளி மூடி ஷார்ட் ஆனது என்றே வைத்துக்கொள்வோம். ஷார்ட் ஆனால் பூஸ்டர் உடனே ட்ரிப் ஆகி மின்சாரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். ஏன் நிறுத்தவில்லை? இங்கேதான் கதவு மணி ஒயர் வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த ஒயர் 0.2 சதுர மி.மீ. குறுக்களவு என்று கொள்கிறேன். செம்பு அந்தத் தடிமனில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.086 ஓம் தடை கொடுக்கும். போக 10 மீட்டர், வர 10 மீட்டர், ஆக 1.7 ஓம். நிக்கல் சில்வரின் மின்தடை செம்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். இரண்டே இடத்தில் இணைப்பு கொடுத்திருப்பதால் மின்சாரம் பல மீட்டர் தண்டவாளத்தின் வழியாகவும், கறுத்துப்போன இணைப்புத் தகடுகளின் வழியாகவும் போகிறது. அதற்கு இன்னும் ஒன்றரை ஓம் சேர்ந்தால் மொத்தம் 3.2 ஓம். பாதையில் 15 வோல்ட். 15-ஐ 3.2-ஆல் வகுத்தால் 4.7 ஆம்பியர்.

உங்கள் பூஸ்டர் 5 ஆம்பியருக்கு மேல் போனால்தான் நிறுத்தும். 4.7 ஆம்பியர் ஓடும்போது, யாரோ நிறைய ரயில் ஓட்டுகிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். அங்கே மொத்தம் 70 வாட் வெப்பமாகிறது. உங்கள் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அந்த 70 வாட்டில் ஒரு பகுதி ஒயரில் பரவுகிறது, இன்னொரு பகுதி சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் ஊசிமுனை அளவு இடத்தில் இறங்குகிறது. என்ஜின் அந்த இடைவெளியின் மேல் நிற்கும்போது முன்சக்கரத்தின் வழியாக ஏறி, உள்ளே இருக்கும் தலைமுடி போன்ற ஒயரிலும் டிகோடர் பலகையின் செம்புக் கோட்டிலும் ஓடி, பின்சக்கரத்தின் வழியாக இறங்குகிறது. அந்தக் கோடு ஓர் ஆம்பியருக்குப் போட்டது. எரிந்த டிகோடரை எடுத்துப் பாருங்கள். மோட்டாருக்குப் போகும் பக்கம் கருகியிருக்கிறதா, சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பக்கம் கருகியிருக்கிறதா? பின்னது என்றால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. போகியின், அதாவது சக்கரத் தொகுதியின், பிளாஸ்டிக் இளகியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. உலகம் முழுவதும் டி.சி.சி.காரர்கள் செய்வது, செலவில்லாதது. எல்லா என்ஜினையும் பாதையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐந்து ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் அந்தக் கணமே நிறுத்த வேண்டும், எடுத்ததும் திரும்ப உயிர் பெற வேண்டும். ஒவ்வோர் அரை மீட்டருக்கும் இப்படி வைத்துப் பாருங்கள். பூஸ்டருக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். கடைக்கோடியும் சைடிங் என்கிற பக்கப்பாதையின் முனையும்தான் உண்மையைச் சொல்லும். ஓர் இடத்தில் நாணயம் வைத்தும் பூஸ்டர் நிற்கவில்லை என்றால் ஒரு நொடிக்கு மேல் விடாமல் எடுத்துவிடுங்கள், விரல் சுடும். அந்த இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். இந்தச் சோதனையில் தேறாத பாதையில் நான் ஒரு என்ஜினையும் வைக்க மாட்டேன், அதை எவ்வளவு பெரிய ஸ்டெபிலைசரில் செருகியிருந்தாலும் சரி.

தேற வைப்பது எளிது. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. ஒயரை, முடிந்தால் 2.5-ஐ, பலகைக்கு அடியில் முதன்மை ஒயராக இழுங்கள். 1.5 ஒயரில் போகவர 20 மீட்டருக்குத் தடை கால் ஓம் கூட வராது. அதிலிருந்து மீட்டருக்கு ஒரு முறை 0.5 சதுர மி.மீ. துண்டு ஒயரை மேலே ஏற்றி, தண்டவாளத்தில் சால்டர் செய்யுங்கள். துண்டு ஒயர் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். இணைப்புத் தகடு தண்டவாளத்தை நேராக நிறுத்துவதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், மின்சாரத்துக்கு அதை நம்பாதீர்கள். முதன்மை ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி இழுப்பது நல்லது. ஏன் என்றால், ஷார்ட்டை பிரேக்கர் அறுக்கும் அந்த நொடியில், நீண்ட ஒயர் தன்னுள் ஓடிய மின்சாரத்தை விட மனமில்லாமல் ஓர் உதை கொடுக்கும். அது சில மைக்ரோ நொடிக்கு 15 வோல்ட்டைப் பல மடங்கு உயர்த்தும். முறுக்கினால் அந்தக் குணம் குறையும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கத்தின் தரவிதி, எச்.ஓ. டிகோடர் குறைந்தது 27 வோல்ட்டைத் தாங்க வேண்டும் என்கிறது. அதைத் தாண்டிய உதைகள் திரும்பத் திரும்ப விழுந்தால் டிகோடர் ஒரு நாள் காரணம் தெரியாமல் செத்துப்போகும். உங்களைப் போல 10 மீட்டரைத் தொடும் ஒயருக்குக் கடைக்கோடியில் 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றையும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் தொடராகச் சேர்த்து, இரண்டு ஒயருக்கும் குறுக்கே போட்டுவிடுங்கள். அந்த உதையை இது விழுங்கிக்கொள்ளும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்தான்.

அடுத்தது பாதையைப் பிரிப்பது. 5 ஆம்பியரும் ஒரே இடத்தில் பாய முடியும் என்பதே ஆபத்து. உங்கள் பாதையை மூன்று அல்லது நான்கு மின்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எலக்ட்ரானிக் பிரேக்கர் வையுங்கள். அதை 2 அல்லது 3 ஆம்பியருக்கு அமைத்தால், பூஸ்டர் விழித்துக்கொள்வதற்குள் சில மில்லி நொடியில் அந்தப் பகுதியை மட்டும் அறுத்துவிடும். மற்ற பகுதிகளில் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணாடிக் குழாய் ஃபியூசை இதற்கு நம்பாதீர்கள். 3 ஆம்பியர் ஃபியூஸ் 4.5 ஆம்பியரில் நிமிடக்கணக்கில் கூட நிற்கும். அதற்குள் உங்கள் டிகோடர் போய்விடும்.

பிரேக்கருக்குப் பணம் இப்போது இல்லை என்றால், பழைய முறை ஒன்று இருக்கிறது. எனக்கு அதன் மேல் தனி மரியாதை. 12 வோல்ட் 21 வாட் பிரேக் விளக்கு, மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் போடுவது. வண்டி ஸ்பேர் கடையில் கேட்கும்போது 12 வோல்ட் என்று அழுத்திச் சொல்லுங்கள். நம் பக்கத்துக் கடைகளில் லாரி, பஸ்ஸுக்கான 24 வோல்ட் விளக்குதான் முதலில் கைக்கு வரும். ஒவ்வொரு பகுதிக்கும் போகும் ஒரு ஒயரில் ஒரு விளக்கைத் தொடராக வையுங்கள். குளிர்ந்த இழையின் தடை அரை ஓம் அளவு, என்ஜின் ஓடும்போது அது இருப்பதே தெரியாது. ஷார்ட் ஆனால் இழை சூடேறித் தடை 7 ஓமுக்கு ஏறும். மின்சாரம் 2 ஆம்பியருக்குள் நின்றுவிடும். அதைவிட முக்கியமானது, அந்த வெப்பம் முழுவதும் விளக்கில் இறங்கும், உங்கள் சக்கரத்தில் இறங்காது. எந்தப் பகுதியில் ஷார்ட் என்பதையும் எரியும் விளக்கே காட்டிக்கொடுக்கும். விளக்கு நன்றாகச் சுடும் என்பதால் பிளைவுட்டையும் தெர்மாகோலையும் விட்டுத் தள்ளி, தகரத்தில் பொருத்துங்கள். குறை என்னவென்றால், ஒலி எழுப்பும் டிகோடர்களும் பெரிய கெப்பாசிட்டர் வைத்த டிகோடர்களும் உயிர் பெறும்போது ஒரே மூச்சில் மின்சாரத்தை இழுக்கும். அப்போது விளக்கு மினுக்கி, மின்னழுத்தம் சரிந்து, என்ஜின் தடுமாறும். அத்தகைய என்ஜின் மூன்று நான்கு ஆனதும் எலக்ட்ரானிக் பிரேக்கருக்கு மாறிவிடுங்கள். இந்த முதல் மூச்சினால் பிரேக்கரே தவறாக ட்ரிப் ஆவதும் உண்டு. அப்போது ட்ரிப் அளவை ஏற்றாதீர்கள், ஒரே பகுதியில் எல்லா என்ஜினையும் நிறுத்தி வைக்காமல் பிரித்து வையுங்கள்.

இனி என்ஜினுக்குள். உங்கள் ஊர் சோமனூர்ப் பக்கம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மின்சாரம் அல்ல, பஞ்சு. தறிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் பஞ்சுத் தூசி எந்த ஜன்னலை மூடினாலும் வந்து படியும். அது மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் ஷார்ட் ஆகாது. ஆனால் தண்டவாளத்தில் போட்ட எண்ணெயோடு சேர்ந்து சக்கரத்தில் பூச்சாகப் படியும். அந்தப் பூச்சின் மேல் ஓடும் சக்கரம் தொட்டும் தொடாமலும் பொறி விடும், பொறி விட்ட இடம் கறுத்து மேலும் பொறி விடும். அதைவிட மோசம், நூல் நூலாக அச்சில் சுற்றிக்கொண்டு பல்சக்கரத்துக்குள் புகுவது. மோட்டார் இறுகும். இறுகிய மோட்டார் சும்மா நிற்பதில்லை, ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுத்துக்கொண்டு நிற்கும். எச்.ஓ. டிகோடர்கள் பெரும்பாலும் ஓர் ஆம்பியர் அளவுக்குச் செய்யப்பட்டவை. பழைய என்ஜின்களின் மோட்டார் சுழல முடியாமல் நின்றால் 2 ஆம்பியர் கூட எடுக்கும். பட்டறையில் பேரிங் இறுகி எரிந்த பம்ப் மோட்டாரும் இதுவும் ஒரே கதை.

ஆகவே டிகோடர் பொருத்துவதற்கு முன்பே மோட்டாரை அளந்துவிடுங்கள். 12 வோல்ட் டி.சி. கொடுத்து, மல்டிமீட்டரை ஆம்பியரில் தொடராக வைத்து, விரலால் தண்டை ஒரு நொடி மட்டும் பிடித்து நிறுத்திப் படியுங்கள். வருகிற எண் டிகோடரின் உச்ச அளவுக்குள் இருக்க வேண்டும். அடுத்தது இன்னும் முக்கியம். மோட்டாரின் இரண்டு முனையும் என்ஜினின் உடற்சட்டத்தையோ சக்கரத்தையோ தொடக்கூடாது. பழைய டி.சி. என்ஜின்களில் ஒரு பிரஷ் சட்டத்தோடேயே சேர்ந்திருக்கும். அதைப் பிரிக்காமல் டிகோடர் போட்டால் பாதையின் மின்சாரம் நேராக டிகோடரின் மோட்டார் முனைக்குள் புகும். பாதையில் வைத்த அந்தக் கணமே முடிந்தது. மல்டிமீட்டரைப் பீப் ஒலியில் வைத்து, மோட்டாரின் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தொட்டுப் பாருங்கள், எங்கும் ஒலிக்கக்கூடாது. ஒயர் இணைப்புகளுக்கு இன்சுலேஷன் டேப்பை விட வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் நல்லது. நம் கோடையில் டேப்பின் பசை உருகி நழுவும். பொருத்தி முடித்ததும் என்ஜினை நேராகப் பிரதான பாதையில் வைக்காதீர்கள், முதலில் புரோகிராமிங் பாதையில் (டிகோடருக்கு முகவரி எழுதவும் படிக்கவும் வைத்திருக்கும் தனித் துண்டுப் பாதை) வைத்து முகவரியைப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே மின்சாரம் கால் ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். பிழை இருந்தால் திரையில் பிழைச்செய்தி வரும், புகை வராது.

தண்டவாளத்தை ஸ்டீல் கம்பளியால் தேய்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அதன் தூள் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டு உள்ளேயே ஷார்ட் உண்டாக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துடைப்பது போதும். உங்கள் ஊரில் வாரம் ஒரு முறை. ஓட்டாத நாட்களில் பாதையின் மேல் ஒரு துணியை மூடி வையுங்கள்.

ஷார்ட் என்றாலே நாம் பயப்படுகிறோம். ஆனால் பெரிய ரயிலில் அதை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. டிராக் சர்க்யூட் உள்ள பாதையில் இரண்டு தண்டவாளத்திலும் சிறு மின்னழுத்தம் கொடுத்து, மறுமுனையில் ஒரு ரிலேயை, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சை, தூக்கி நிறுத்தி வைத்திருப்பார்கள். வண்டியின் அச்சு இரண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் செய்ததும் ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். தண்டவாளம் உடைந்தாலும் ரிலே விழும், சிவப்புதான். போத்தனூரில் ரயில்வேயின் சிக்னல் பணிமனை இருக்கிறது. ரிலே என்ற சொல் எனக்கு முதலில் அறிமுகமானது அந்தப் பக்கத்து மனிதர்களால்தான்.

இப்போது சுவர்ப் பக்கம் வருவோம். விளக்கு மினுக்குவதைச் சொன்னீர்கள். தறி மோட்டார் புறப்படும்போது தன் வழக்கமான மின்சாரத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். அதனால் மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கும். நீங்கள் பார்ப்பது இறக்கம், ஏற்றம் அல்ல. உங்கள் பூஸ்டருக்கு வரும் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் அந்த இறக்கம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மோட்டார் நிறுத்தப்படும்போது எழும் சிறு கூர்முனைகளையும் அடாப்டரின் உள்வடிகட்டி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

தாங்காதது இரண்டு. முதலாவது நியூட்ரல் கழல்வது. தெருவுக்கு வரும் மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் எங்காவது அறுந்துவிட்டால், சுமை குறைவான வீட்டுக்கு 230-க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கி வரும். அடாப்டருக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் பொதுவாக 400 வோல்ட் டி.சி.க்கு உரியது. 230 வோல்ட் ஏ.சி.யின் உச்சி 325, அதனால் சாதாரண நாளில் நிற்கிறது. 280 வோல்ட் வந்தால் உச்சி 396, விளிம்புக்கு வந்துவிட்டது. 400 வந்தால் உச்சி 565, வெடிக்கும். இதற்கு ஸ்டெபிலைசரை விட, மின்னழுத்தம் எல்லை தாண்டினால் அறுத்துவிட்டு, சீரான பிறகு சில நிமிடம் தாமதித்துத் திரும்பக் கொடுக்கும் கட்-ஆஃப் கருவிதான் சரி. ஃபிரிட்ஜுக்கு விற்பது போதும். மின்சாரம் போய் வரும்போது வருகிற தடுமாற்றத்தையும் அந்தத் தாமதம் கடந்துவிடும்.

இரண்டாவது இடி. கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் நம் பக்கம் இடி இல்லாத மாலை குறைவு. எனக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி போனது இப்படித்தான். வானம் இருட்டியதும் பெட்டியின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்தேன். ஆனால் பெட்டியிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள் போயிருந்தது, கணினியிலிருந்து மோடத்துக்கு ஒன்று, மோடத்திலிருந்து வெளியே கம்பத்துக்குச் செம்புக் கம்பி. தெருக்கோடித் தென்னையில் இடி விழுந்தது. மோடம், கணினி, பெட்டி மூன்றும் வரிசையாகப் போயின. ஆகவே பிடுங்குவது என்றால் எல்லாவற்றையும் பிடுங்குவது. சுவிட்சை அணைப்பது போதாது. பல கிலோமீட்டர் காற்றைத் தாண்டி வந்தது சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளிக்கு நிற்காது. பிளக்கை வெளியே எடுத்துக் கீழே போடுங்கள். ஓட்டாத நேரத்தில் எப்போதும் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்துக்காக, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துப் பலகையில் சர்ஜ் பாதுகாப்புக் கருவி, இரண்டாம் வகை எனப்படுவது, பொருத்தலாம். ஆனால் அது எர்த்தை நம்பித்தான் வேலை செய்கிறது. வருகிற எழுச்சியை எர்த்துக்குள் தள்ளுவதே அதன் தொழில். தள்ள இடமில்லை என்றால் அது ஓர் அலங்காரம். மூன்று ஓட்டை சாக்கெட் இருந்தும் எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாத வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டரில் ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே, ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வருகிற அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் வந்தால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. நம் செம்மண்ணும் சரளையும் சித்திரையில் எலும்பாகக் காய்ந்துவிடும், அப்போது தடை ஏறும். கோடையில் எர்த் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கருவிக்குப் போகும் ஒயரும் எர்த்துக்குப் போகும் ஒயரும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்கட்டும். சுற்றிச் சுற்றி இழுத்த ஒயர் அந்தக் கண நேர எழுச்சிக்கு மூடிய கதவு.

ஸ்பைக் கார்டு என்று விற்கும் பலகையில் பெரும்பாலும் ஒரு வேரிஸ்டரும் (மின்னழுத்தம் எகிறும்போது அதை விழுங்கும் சிறு வில்லை) ஒரு விளக்கும்தான் இருக்கும். வேரிஸ்டர் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் தேயும், தேய்ந்ததை அந்த விளக்கு சொல்லாது. மாற்றிப் போட வாங்கினால் 275 வோல்ட் வகையை விட 320 வோல்ட் வகை நம் ஊர் மின்னழுத்தத்துக்கு நிம்மதி. இரவில் மின்னழுத்தம் 270-ஐத் தொடும் இடங்களில் முன்னது தன் எல்லையை ஒட்டியே நிற்கும்.

இன்னொன்று. செய்தித்தாள்களில் ஷார்ட் சர்க்யூட்டையும் "மின்கசிவு" என்றே எழுதுகிறார்கள், அதனால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் பரவிவிட்டது. கசிவு என்பது மின்சாரம் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ எர்த்துக்குப் போவது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். ஷார்ட் என்பது இரண்டு ஒயர் நேராகத் தொடுவது. அதற்கு எம்.சி.பி. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. குழந்தைகள் பலகைக்கு அடியில் தவழும் வீடு என்றால் இரண்டும் கட்டாயம். 230 வோல்ட் ஒயர் பலகைக்கு அடியில் ஓடவே கூடாது, அடாப்டர் சுவரோடு நிற்கட்டும்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்டினால் சைன் வேவ் வகையில் மட்டும் ஓட்டுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடேறும்.

கடைசியாக, அண்ணன் கொண்டுவந்த கன்ட்ரோலர். அதன் பின்புறத்தில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் நம் சாக்கெட்டில் ஒரு நொடி கூடச் செருகாதீர்கள். அதற்குரிய மின்னழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்போது வெப்பம் நான்கு மடங்கை நெருங்கும், இரும்புக் கரு நிறைந்து அதையும் தாண்டும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகச் சுடும், நீண்ட நேரம் விடாதீர்கள். ஆனால் டி.சி.சி. பாதையோடு அதைச் சேர்ப்பதற்கு என் பதில் இல்லை என்பதுதான். நடுவில் இடைவெளி அறுத்துப் பிரித்தாலும், ஒரு என்ஜின் அந்த இடைவெளியைத் தாண்டும் நொடியில் அதன் சக்கரங்கள் இரண்டு மின்சாரத்தையும் கோத்துவிடும். கன்ட்ரோலர், பூஸ்டர், டிகோடர் மூன்றில் எது முதலில் போகும் என்று சொல்ல முடியாது. அண்ணன் ஆசையாகக் கொண்டுவந்தது, வீணாக்க வேண்டாம். சுவரில் தனியாக ஒரு பலகை அடித்து, டிகோடர் இல்லாத பழைய என்ஜின் ஒன்றை அதில் முன்னும் பின்னும் ஓட விடுங்கள். புதிதாக வாங்கும் மோட்டாரை அளப்பதற்கும் அது நல்ல கருவி.

இந்த ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முதலில் தாளைக் கிழித்து இடைவெளிகளில் செருகிப் பாருங்கள். பிறகு மின்சாரம் கொடுத்து நாணயத்தை வைத்துப் பாருங்கள். சாக்பீஸ் குறி எத்தனை விழுந்தது, எரிந்த டிகோடர் எந்தப் பக்கம் கருகியிருந்தது என்று எழுதுங்கள், ஒயர் எந்த வழியில் இழுப்பது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.